மஞ்சள் கட்டம்

பானுவின் முகத்தில் மட்டும் மஞ்சள் கட்டம் உட்காரவே இல்லை.

பள்ளிக்கூட யூனிஃபார்மோடு பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டு, வாயில் பாதி பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தது பிள்ளை. ஐ.டி. கார்டுக்கு ஒரு படம் வேண்டுமாம். புஷ்பா கேமராவை இப்படிப் பிடித்துப் பார்த்தாள், அப்படிப் பிடித்துப் பார்த்தாள். முகம் கண்டால் திரையில் தானாக வருகிற அந்தக் கட்டம், சுவரில் தொங்கிய காலண்டர் முருகன் முகத்துக்கு வந்தது. எட்டு வயசுப் பிள்ளை குத்துக்கல்லாட்டம் முன்னால் இருக்க, அதன் முகத்துக்கு வரவில்லை.

"எடுத்தாச்சாம்மா?"

"ஆடாம இருடி. மூஞ்சிய நேரா வை."

"நேராத்தான் வச்சிருக்கேன்."

நேராகத்தான் வைத்திருந்தாள். புஷ்பாவுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலுக்கு அடியில் வேறு ஒன்றும் மெல்ல அசைந்தது. அதற்குப் பெயர் வைக்க அவள் விரும்பவில்லை.

உள்ளங்கைக்குள் அடங்குகிற கருப்புக் கேமரா அது. ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலில் வேலை பார்க்கும் அவள் புருஷன் தேவேந்திரன், மெயின்லேண்டிலிருந்து வந்த டூரிஸ்ட் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. வாங்கி வந்த அன்று அவன் கால் தரையில் பாவவில்லை. "போன்ல எடுக்குறது வேற, இது வேற புஷ்பா. மூஞ்சியக் காட்டி பேரக் குடுத்துட்டா ஆயுசுக்கும் மறக்காது. சிரிச்சா தானா எடுத்துக்கும். கண்ண மூடுனா திட்டும். ஏக்தம் அசல்!" என்றான். மூன்று பேர் முகத்தையும் காட்டிப் பேர் கொடுத்தான். முதல் படத்தில் அவனே கண்ணை மூடிவிட, 'கண் மூடியிருக்கிறது' என்று திரையில் ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. பானு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் புஷ்பாவுக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தது. அச்சு அசல் மீனாவின் சிரிப்பு.

மீனா அவள் தங்கை. கட்சால் தீவில், சுனாமி அன்றைக்கு, எட்டு வயது மீனாவையும் வீட்டிலிருந்த ஒரே ஆல்பத்தையும் கடல் சேர்த்துக் கொண்டுபோனது. உடம்பும் கிடைக்கவில்லை, படமும் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியே காய்ந்துபோன அப்பா காத்தமுத்து, பிறகு குடியிருந்த வீட்டிலெல்லாம் அவளுக்கென்று சுவரில் ஒரு ஆணி அடித்து வைத்தார். வருஷா வருஷம் அந்த வெறும் ஆணிக்குக் கீழேதான் விளக்கு. இந்த ஆடியில் அப்பாவும் போய், சிப்பிகாட்டிலிருக்கும் இந்த வீட்டில் அவர் படத்தை மாட்டியபோது, பக்கத்தில் அந்த இன்னொரு ஆணி மொட்டையாக நின்றது. புஷ்பாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

கார்த்திகை முடிகிற நேரம், பானுவுக்கு இரட்டைச் சடை பின்னி, சிவப்பு ரிப்பன் கட்டி, சுவரோரமாக நிறுத்திப் படம் எடுத்தாள். கட்டத்துக்குக் கீழே பானு என்று எழுத்து வந்தது அவளுக்கு உறுத்தியது. மறுபடி முகத்தைக் காட்டி, எழுத்தெழுத்தாகத் தேடி, மீனா என்று பேர் கொடுத்தாள். டாலிகஞ்ச் கடையில் பிரின்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி, கண்ணாடியில் பொட்டு வைத்து, மாலையும் போட்டாள். இருபது வருஷத்துக்குப் பிறகு ஆணி நிறைந்தது. அன்றைக்கு வாய்விட்டு அழுதாள், நிம்மதியாகத் தூங்கினாள்.

தேவேந்திரன் வந்து பார்த்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உசுரோட இருக்குற புள்ள படத்துக்கு எவளாச்சும் மாலை போடுவாளா? பாகல் ஆயிட்டியா, பைத்தியமா புடிச்சிருக்கு?"

"இருபத்தாறாந் தேதி வெளக்கேத்துற வரைக்கும் இருக்கட்டுங்க. அப்புறம் எறக்கிடுறேன்."

அவன் கோபத்தோடேயே டூட்டிக்குப் போனான். பானு மட்டும் படத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "இது நான்தானேம்மா?" என்று கேட்டாள். "இல்லடி, மீனா சித்தி" என்றாள் புஷ்பா. பிள்ளை சரியென்று தலையாட்டியது.

இப்போது மணி ஐந்தரைதான். ஆனாலும் தீவின் டிசம்பர் இருட்டு ஜன்னலை அடைத்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால், சுனாமியில் தாழ்ந்துபோன பழைய வயலில் அன்று ஏறிய உப்புத்தண்ணீர் இன்றும் வடியாமல் கிடந்தது. அலை ஏறும் நேரங்களில் அது துவைக்கிற கல்வரை வந்து, பூனை பால் குடிப்பதுபோல் சளப்சளப்பென்று கல்லை நக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் அவளுக்குப் பழகியதுதான். சேற்று வாடையும் பழகியதுதான். ஆனால் இன்று அந்த வாடைக்குள் இன்னொன்று கலந்திருந்தது. புளித்த ரப்பர் பால் வாசனை. அப்பாவின் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடும் மீனாவின் கவுனில் எப்போதும் அடிக்கிற வாசனை. சிப்பிகாட்டில் இந்தப் பக்கம் ரப்பர் மரமே கிடையாது.

அலுத்துப்போய்க் கேமராவைத் தாழ்த்தினாள். அது பின்வாசல் பக்கம் திரும்பியது. டக்கென்று கட்டம் வந்தது.

யாரும் இல்லை. திறந்த கதவு, இருட்டு, அவ்வளவுதான். கதவின் பாதி உயரத்தில், ஒரு பிள்ளை நின்றால் முகம் எங்கே இருக்குமோ அங்கே, மஞ்சள் கட்டம் துளிகூட ஆடாமல் நின்றது. கீழே எழுத்து.

மீனா.

புஷ்பா ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கேமராவை ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். மிஷின்தானே, பழசுதானே, சூடாகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அரிசி களையப் போனாள். பானு சுவரைப் பார்த்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

க்ளிக்.

கை அரிசிக்குள்ளேயே நின்றுவிட்டது. சிரித்தால் தானா எடுத்துக்கும்.

"பானு... நீயாடி சிரிச்ச?"

"இல்லம்மா."

அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. புஷ்பா கேமராவை எட்டி எடுத்தாள். திரையில் இதே அறை. தாழ் போட்ட கதவு. கதவுக்கு இந்தப் பக்கம், சிமெண்டுத் தரையில், ஈரமாய்ச் சின்னச் சின்னப் பாதங்கள். உள்நோக்கி.

தரையைப் பார்த்தாள். ஈரம்தான்.

தேவேந்திரனுக்குப் போன் போட்டாள். கப்பல் இரைச்சலுக்கு நடுவில் அவன் குரல் துண்டு துண்டாக வந்தது. "என்னாச்சு? புள்ள நல்லா இருக்கா?"

"நான் தப்புப் பண்ணிட்டேங்க. மீனா வந்திருக்காளுங்க..."

"படத்த எறக்கு. மாலையப் பிச்சுப் போடு. அபி எறக்கு புஷ்பா, இப்பவே..." லைன் அறுந்தது.

கூடவே கரண்டும் போனது.

"அம்மா" என்றாள் பானு. நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"இருடி. எங்கயும் போகாத. அம்மா இதோ வந்துட்டேன்."

கேமராத் திரையின் வெளிச்சம்தான் கைக்குக் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஏறினாள். மாலை போட்டவள் அவள்தான், எடுக்க வேண்டியவளும் அவள்தான். எடுத்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். அது மட்டும்தான் வேண்டும். ஸ்டூல் ஆடியது.

கீழே ஒரு கை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது.

"பானு?"

இன்னொரு கை அவள் கணுக்காலைப் பிடித்தது. சில்லென்று. சொத சொதவென்று ஈரம். ரப்பர் பால் வாசனை மூக்கை அடைத்தது.

"எறக்காதக்கா" என்றது குரல்.

பானுவின் குரல்தான். ஆனால் பானு எதற்கு அவளை அக்கா என்று கூப்பிடுகிறாள்?

கேமராவைக் கீழே திருப்பினாள். பிள்ளையின் முகம். பள்ளிக்கூட யூனிஃபார்ம். உதட்டோரம் பிஸ்கட் துகள். இத்தனை நேரம் வராத கட்டம் இப்போது வந்தது. அழகாக உட்கார்ந்தது.

மீனா.

அது சிரித்தது. க்ளிக்.

"பானு எங்க? ஏய்... என் புள்ள எங்க?"

பிள்ளை கணுக்காலை விடாமல், இன்னொரு கையைத் தூக்கிச் சுவரைக் காட்டியது.

புஷ்பா திரும்பினாள். கேமராவும் திரும்பியது. மாலைக்குள், இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். காகிதத்து முகத்தின்மேல் கட்டம் தேடி, தவித்து, நின்றது. எழுத்து வந்தது.

பானு.

விரல் தானாக அழுத்திவிட்டது. ஃப்ளாஷ் வெட்டியது. சுவர் வெளுத்து, மறுபடி இருண்டது. திரையில் படம் விழுந்தது. அதன் கீழே எழுத்து.

கண் மூடியிருக்கிறது.

கேமரா கையிலிருந்து நழுவியது. விழுந்த இடத்திலிருந்து அதன் வெளிச்சம் கொஞ்சம் சுவரில் ஏறியது. ஃபிரேமுக்குள், பொட்டுக்குப் பின்னால், கண்ணாடியின் உள்பக்கம் வட்டமாக மங்கியது. தெளிந்தது. மறுபடியும் மங்கியது, ஒரு பிள்ளை கண்ணாடியில் வாயை வைத்து அம்மா, அம்மா என்று கூப்பிடுகிற வேகத்தில்.