நழுவிய அச்சு

எதைக் கண்டாலும் கிட்டப் போய் நோண்டிப் பார்ப்பாள் என்பதால் வீட்டில் அவளுக்கு 'நோண்டி' என்றே பெயர். வயது பத்து. இரண்டு வருடமாக அவள் நோண்டுவது நாணயங்களை. நாணயச் சாலையில் அச்சடிக்கும்போது பிசகிப்போன நாணயம் ஒன்றாவது கையில் சிக்காதா என்று தேடிக்கொண்டிருந்தாள். சிக்கியவை எல்லாம் நசுங்கியவை, தேய்ந்தவை. ஒன்றில் பபிள்கம் ஒட்டியிருந்தது.

அன்று பேனா வாங்கப் போனாள். கடை வாசலில் பட்டாணி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். மாடி வீட்டுத் தையல்கார அக்காவின் மகள், ஒன்றாம் வகுப்பு.

"என்னாச்சு?"

"ரப்பர் கேட்டேன். கள்ளக் காசுன்னு மாமா திட்டிட்டாரு."

நோண்டி காசை வாங்கிப் பார்த்தாள். கண்ணருகே கொண்டுபோனாள். படமும் எழுத்தும் ஓர் ஓரமாக நழுவியிருந்தன. மறு ஓரம் பிறை நிலா போல வெறுமையாக, மழமழவென்று இருந்தது.

"மாமா, இது நல்ல காசுதான். நிரூபிக்கட்டுமா?"

"நிரூபிங்க வக்கீலம்மா!" என்று சிரித்தார் கடைக்காரர்.

கடை மேசையில் கிடந்த பென்சில் மேல் ஸ்கேலை வைத்தாள். ஒரு முனையில் அந்தக் காசு, மறு முனையில் அதே மாதிரி சாதாரணக் காசு. ஸ்கேல் இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை.

"யாராவது அரத்தால ராவியிருந்தா எடை குறைஞ்சிருக்கும், கீறலும் இருக்கும். எழுத்தைப் பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு! அச்சு விழும்போது தகடு விலகியிருக்கு, அவ்வளவுதான்."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அட, ஆமா! பட்டாணி, அதைக் கொடு. ரெண்டு ரப்பர் தரேன்!"

பட்டாணி காசைப் பறித்து முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "அக்காவுக்குத்தான் தருவேன். அக்கா, உன் காசை எனக்குக் கொடு. இதை நீயே வெச்சுக்கோ."

'சரி' என்ற சொல் நோண்டியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இரண்டு வருடத் தேடல்! ஆனால், கையில் இருப்பது என்னவென்று பட்டாணிக்குத் தெரியாதே.

தலையசைத்து மறுத்தாள். "வேணாம்டி. இது ரொம்ப அபூர்வம். இதுக்கு நிறைய பணம் கொடுத்து வாங்குறவங்க இருக்காங்க. அம்மாகிட்ட பத்திரமா கொடு."

பேனாக் காசில் ரப்பர் வாங்கிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள்.

சாயங்காலம் கதவு தடதடவென்று அதிர்ந்தது. ஒரு தகர டப்பாவைக் கட்டிப் பிடித்தபடி பட்டாணி நின்றாள்.

"அந்தக் காசை அம்மா பீரோவுல பூட்டிட்டாங்க. இனிமே எங்க தையல் கடைக்கு வர்ற சில்லறையை எல்லாம் முதல்ல நீதான் பார்க்கணுமாம்!"

டப்பாவைத் தரையில் கவிழ்த்தார்கள். இருவரும் குப்புறப் படுத்துக்கொண்டார்கள்.

"அக்கா! இந்தக் காசுக்கு மீசை இருக்கு!"

நோண்டி பாய்ந்து வந்து பார்த்தாள்.

"மீசை இல்லடி. நூல்!"

பட்டாணி மீசையை ஊதித் தள்ளிவிட்டு அடுத்த காசை எடுத்தாள்.