நாலு மணிக்கு வா

கலாவதி எங்கள் லைனுக்குக் குடிவந்தது எண்பத்து மூன்றாம் வருடம் ஐப்பசியில். எஸ்டேட் டிராக்டரில் இருந்து முதலில் ஒரு தகரப் பெட்டி இறங்கியது, பிறகு சுருட்டிய பாய், பிறகு அவள். புதிதாக வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பார்கள், ஓட்டைப் பார்ப்பார்கள், தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்பார்கள். இவள் எதையும் பார்க்கவில்லை. இரண்டு அடி தள்ளி நின்ற தன் ஐந்து வயது மகள் சாந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை எடுத்தால் பிள்ளை கரைந்துவிடும் என்பதுபோல.

மலைமேல் வெள்ளக்கடையைத் தாண்டி இரண்டு மைல் உள்ளே, காப்பித் தோட்டத்துச் சரிவில், ஒரே கூரைக்குக் கீழே ஏழு வீடுகள். அவளுக்குக் கிடைத்தது கடைசி வீடு. அதற்கு முந்தைய வீடு என்னுடையது. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே தும்மல் வரும். மற்றவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். நான் ரேடியோ வாங்காமல் காலம் தள்ளியதே அந்தச் சுவரால்தான்.

ஒரு வாரத்தில் அவள் கதை முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அடிவாரத்தில் இருந்தபோது மூத்தது ஒரு பையன். ஒரு ராத்திரி உடம்பு சுட்டது. காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்று படுத்துக்கொண்டாள். காலையில் தூக்கிக்கொண்டு போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு அல்ல என்றாகிவிட்டது.

அதிலிருந்து அவள் நெஞ்சுக்குள் ஒருத்தி உட்கார்ந்துகொண்டாள். சாந்தி கண்ணில் படவில்லை என்றால் போதும், உள்ளே இருப்பவள் ஆரம்பித்துவிடுவாள். இந்நேரம் பாம்பு கடித்திருக்கும். இந்நேரம் தொட்டியில் விழுந்திருக்கும். காப்பிப் பழத்தைத் தோலுரித்துக் கழுவுவதற்குக் கீழே பல்பர் கொட்டகையில் இரண்டு பெரிய தொட்டிகள் உண்டு. பழம் பறித்துக்கொண்டிருக்கும்போதே இடுப்புச் சாக்கை அவிழ்த்து எறிந்துவிட்டு ஓடுவாள். ஓடிப்போய்ப் பார்த்தால் பிள்ளை வாசலில் மண்ணைக் குழைத்து இட்டிலி சுட்டுக்கொண்டிருக்கும்.

"இவ கால்ல ஒரு மணியக் கட்டி உடுங்க மேஸ்திரி, ஓடறது நமக்கும் தெரியட்டும்" என்று நான்தான் முதலில் சொன்னேன். பழம் பறித்துக்கொண்டிருந்த நிரை முழுக்கச் சிரித்தது. மேஸ்திரி காளியண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னொருக்கா நிரைய உட்டு ஓடுனீன்னா வேலைக் கணக்குல பேரை வெட்டிருவேன், பாத்துக்க. ஊட்டையும் காலி பண்ணோணும்."

மறுநாள் அவளை எஸ்டேட் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனதும் நான்தான். இரக்கம் என்று நினைக்க வேண்டாம். நர்ஸ் மரியபுஷ்பம் என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது.

நர்ஸம்மா மாத்திரை தரவில்லை.

"பயத்த வராதேன்னு சொன்னா இன்னும் பெருசா வரும் கலாவதி. அதுக்கு ஒரு நேரம் குடு. பழம் எடை போட்டு முடிஞ்சு ஊட்டுக்குப் போயி, நாலு மணிக்கு வாசல்ல உக்காரு. அரை மணி நேரம் எவ்வளவு பயப்படணுமோ பயப்படு. மத்த நேரத்துல வந்தா, நாலு மணிக்கு வான்னு வாய் உட்டுச் சொல்லி அனுப்பிரு."

கலாவதி தரையைப் பார்த்தாள். "தள்ளிப் போடலாமுங்களா? ஒருக்காத் தள்ளிப் போட்டுத்தானுங்க..."

"அது காய்ச்சல். இது நெனப்பு. நெனப்பத் தள்ளலாம்." நர்ஸம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. கண்ணுல பட்டா, காதுல கேட்டா ஓடு. அப்ப நிக்காத. உள்ளுக்குள்ள தோணுச்சுன்னா மட்டும் நில்லு."

இதை நானும் கேட்டேன். இரண்டு காதாலும் கேட்டேன்.

வைத்தியம் பலித்தது. முதல் வாரம் ஒரு நாளைக்கு முப்பது தடவை "நாலு மணிக்கு வா" என்றாள். அடுத்த வாரம் பத்து. நாலு மணிக்கு வாசல் கல்லில் உட்கார்ந்து அழுவாள். நாலரைக்கு முகம் கழுவிக்கொண்டு அடுப்பு மூட்டுவாள். ஒரு நாள் அவள் சிரிக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. கணவன் செங்கோடன் அதைக் கேட்டுக் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அட்டை கடித்தால், "நாலு மணிக்கு வா." மேஸ்திரி கத்தினால், முதுகுக்குப் பின்னால், "நாலு மணிக்கு வாங்க." கலாவதியும் சேர்ந்து சிரித்தாள்.

கார்த்திகையில் ஒரு நாள், இரண்டு மணி இருக்கும். பனி இறங்கி சில்வர் ஓக் மரங்களின் பாதியைத் தின்றிருந்தது. பக்கத்துச் செடியில் இருந்த கலாவதியின் கைதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அந்தப் பனியில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. இலையில் இருந்து சொட்டும் தண்ணீர் காதோரம் சொட்டுவது போலிருக்கும்.

கீழே இருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா."

மெல்லிய குரல். ஒரே ஒரு தடவை.

கலாவதியின் கை செடியில் நின்றது. "அக்கா... கேட்டுச்சுங்களா?"

கேட்டது. அவளுக்குக் கேட்டது போலவே எனக்கும் கேட்டது. பசிக்குக் கூப்பிடுகிறது, வேறென்ன என்று நினைத்தேன். இவள் ஓடினால் பேர் போய்விடும், வீடு போய்விடும் என்றும் நினைத்தேன். அதையெல்லாம்விட, நிரை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. நாக்கு நுனியில் ஒரு கேலி தயாராக இருந்தது.

"நாலு மணிக்கு வரச் சொல்லு கண்ணு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கலாவதியும் சிரித்தாள். பிறகு பனியைப் பார்த்து, பாலூட்டும்போது பேசுகிற குரலில் சொன்னாள்: "நாலு மணிக்கு வா சாமி."

மறுபடி அந்தக் குரல் கேட்கவில்லை.

எடை போட்டு வீட்டுக்கு வந்தபோது சாந்தி வாசலில் இல்லை. கலாவதி ஓடவில்லை. விளையாடிக்கொண்டிருக்கும், வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் மணி நாலு அடித்தது.

சாக்கடை ஓரமாகப் பனிக்குள் இருந்து சாந்தி வந்தாள். தலை முதல் கால் வரை நனைந்து, கவுன் உடம்போடு ஒட்டியிருந்தது. ஓடி வரவில்லை. கூப்பிட்ட நேரத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி நடந்து வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க சாமி போயி இப்படி நொம்ப நனஞ்சுட்டு வந்த?" கலாவதி துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள். நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன்.

கால் மணி நேரத்தில் ஆட்களின் காலடிச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். காளியண்ணனும் இன்னும் மூன்று பேரும் ஏறி வந்தார்கள். காளியண்ணன் கையில் சாக்கால் மூடிய ஏதோ இருந்தது. ஒரு சின்னக் கால் வெளியே தொங்கியது.

"ஏம்மா..." மேஸ்திரி இரண்டு அடி தள்ளியே நின்றார். "கழுவற தொட்டியில... நாங்க பாக்கலம்மா. ரெண்டு மணி நேரமாத் தண்ணிக்குள்ள கெடந்திருக்கும்னு சொல்றாங்க."

கலாவதி நிமிர்ந்து பார்த்தாள். "யாரைச் சொல்றீங்க? எம்புள்ள இங்கதான இருக்கு."

பக்கத்தில் யாரும் இல்லை.

கல் ஈரமாக இருந்தது. துண்டைப் பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருந்தது. அதில் காப்பித் தோல் ஊறிப் புளித்த வாடை அடித்தது.

அதன் பிறகு எங்கள் நிரையில் யாரும் கேலி பேசவில்லை. நானும்தான். தினம் நாலு மணிக்குக் கலாவதி துண்டோடு வாசலில் உட்கார்ந்தாள். என் கண்ணுக்கு மறுபடி எதுவும் தெரியவில்லை. ஆனால் சுவர் இருக்கிறதே, அது எதையும் மறைக்காது.

"ரெண்டு மணிக்கு எதுக்குச் சாமி கூப்ட்ட? இப்பச் சொல்லு. அம்மா கேக்கறன்."

சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். மழை இல்லாத நாளிலும்.

சோற்றைத் தொடவில்லை. கழுத்து எலும்பு துருத்தியது. செங்கோடன் அவளை அடிவாரத்துக்குக் கூட்டிப்போகப் பார்த்தான்.

"நான் வல்லீங்க" என்றாள். "நாலு மணிக்கு வந்து பாத்து, நான் இல்லைன்னா புள்ள எங்க போவும்?"

நர்ஸம்மா வந்து அவள் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். போகும்போது என்னிடம் கிசுகிசுத்தாள்: "கூப்ட்டது நெஜமா, இல்ல வெறும் நெனப்பான்னு தெரியாமத்தான் அவ சாகறா மாதம்மா. ஏதோ ஒண்ணு தெரிஞ்சாப் பொழச்சுக்குவா."

மறுநாள் சாயங்காலம், நாலு அடித்த பிறகு, கலாவதி என்னைக் கூப்பிட்டாள். நான் போய் வாசலில் நின்றேன். உட்காரவில்லை, அவள் பக்கத்தில் இருந்த இடம் ஈரமாக இருந்தது.

"அக்கா, அன்னிக்கு உங்களுக்குக் கேட்டுச்சுங்களா? நெசமாச் சொல்லுங்க."

எத்தனையோ பேரைப் பற்றி எவ்வளவோ சொன்ன வாய் இது. அன்றைக்கும் அதைத் திறந்தேன்.

"இல்ல கண்ணு. ஒண்ணுமே கேக்கல. நீயாத்தான் நெனச்சுக்கிட்ட."

"நெசமா?"

"அந்தப் புள்ள மேல சத்தியமா."

எங்கேயோ சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்றது.

கலாவதி என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அப்ப எம்புள்ள என்னயக் கூப்படலீங்க. கூப்ட்டு நான் போவாம இருக்கலீங்க." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்று ராத்திரி சுவருக்கு அந்தப்பக்கம் அவள் மூச்சு சீராக வந்தது. காலையில் கஞ்சி குடித்தாள். மூன்றாம் நாள் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு இருவரும் சேலம் பஸ் ஏறினார்கள். பஸ் திரும்பும்வரை என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனாள்.

அவளைப் பிழைக்க வைத்தேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு பொய்க்காக மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம் என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

அவர்கள் போன அன்று சாயங்காலம் எடை போட்டு முடிய நேரமாகிவிட்டது. நான் ஏறி வரும்போதே ஆபீஸில் நாலு அடித்து முடிந்திருந்தது. லைன் முழுக்கப் பனி. கடைசி வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

சிமெண்ட் வாசலில் ஈரப் பாதத் தடங்கள்.

ஐந்து வயதுப் பிள்ளையின் பாதங்கள். சாக்கடை ஓரமாக வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருந்தன. வெகுநேரம் நின்றிருக்க வேண்டும், அந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது.

பிறகு அவை திரும்பியிருந்தன.

என் வாசலுக்கு.

காலையில் நான் பூட்டிவிட்டுப் போன பூட்டு அப்படியே இருந்தது. அதைத் திறந்தேன். கதவைத் தள்ளினேன். புளித்த காப்பித் தோல் வாடை முகத்தில் அடித்தது.

வாசல்படிக்கு உள்ளே ஏழு பாதங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, இருட்டான மூலையை நோக்கிப் போயிருந்தன.

விளக்கைக் கொளுத்தித் தரை முழுக்கத் தேடினேன். வெளியே போன பாதம் ஒன்றுகூட இல்லை.