ஓரப் பார்வை

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான், சவரம் செய்தான், தண்ணீர் கொதிக்க வைத்தான். பழக்கத்தில் இரண்டு கோப்பைகளை எடுத்து, ஒன்றைத் திருப்பி வைத்தான். காப்பியோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தான். மேசையில் பாதியை அவனுடைய பொம்மைப் படை பிடித்திருந்தது.

சின்ன பிரஷ் ஈரமாக இருந்தது.

அது அவன் மனைவியின் பிரஷ். அவன் அதைத் தொடுவதில்லை. பழைய போர்களை மேசைமேல் பகடை உருட்டி ஆடுகிறவர்களுக்கான உலோகச் சிப்பாய்கள், கட்டைவிரல் உயரம். சீருடையும் பொத்தானும் துப்பாக்கியும் அவன் வேலை, கண்கள் அவளுடையவை. அவன் கை நடுங்கும். அவளோ பிரஷ் முனையை உதட்டில் ஈரப்படுத்திக் கூராக்கி, பெயின்டைத் தின்னாதே என்று அவன் திட்டுவதைக் காதில் வாங்காமல், வெள்ளையில் ஒரு கோடு இழுத்து அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி வைப்பாள். நேராகப் பார்த்தால் பொம்மை, ஓரமாகப் பார்த்தால்தான் ஆள் என்பாள்.

முனை கூராக இருந்தது. உதட்டில் வைத்து எடுத்த மாதிரி.

அவள் இறந்தபின் அவன் எதையும் முடிக்கவில்லை. அந்த வாரம் விடுப்பு. குதிரைகளுக்குப் பழுப்பு அடிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டான். அட்டையில் ஒரு பாலம் வெட்டினான், அதையும் விட்டான். ஒரு பனிக்காலப் பின்வாங்கலைப் பற்றிய தடித்த புத்தகத்தை எடுத்தான். பனியில் உட்கார்ந்து கண்ணை மூடியவர்கள் எழவில்லை, அதனால் சிப்பாய்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டே நடந்தார்கள் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அதைத் தாண்டி அவனால் போக முடியவில்லை.

மறுநாள் காலை, கண் வரையாமல் நின்ற சிப்பாய்களில் முரசடிப்பவனுக்குக் கண்கள் வந்திருந்தன.

அவள் எப்போதோ வரைந்ததாக இருக்கும், நாம்தான் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டான். பெயின்டைத் தொட்டுப் பார்த்தான். காய ஐந்து நிமிடம்கூட ஆகாத பெயின்ட் அது. விரலில் ஒட்டியது.

அடுத்த காலை முன்வரிசை முழுக்க. எல்லாரும் இடது பக்கம் பார்த்தார்கள். படுக்கையறைக் கதவை. அவர்கள் நின்ற பலகையை அவன் திருப்பி வைத்தான். அதற்கும் அடுத்த காலை, திருப்பி வைத்த பிறகு வரைந்த வரிசையும் அதே கதவைத்தான் பார்த்தது. இம்முறை புள்ளிகள் வலது ஓரத்தில் இருந்தன.

தூக்கம் போனது. விடியும்வரை குளிர்சாதனப் பெட்டியின் உறுமலையும், அது நின்றபின் கண்ணாடிக் குவளையில் பிரஷ் அலசும் மெல்லிய கிணுகிணுப்பையும் கேட்டுக்கொண்டு கிடந்தான். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. ஒரு முழு இரவு தூங்கினால் போதும் என்றிருந்தது.

சனிக்கிழமை மதியம் மச்சினன் வந்தான். அவளுடைய தம்பி, மறுநாள் ஆட்டத்தில் எதிரணி. குனிந்து வரிசைகளைப் பார்த்தான்.

"பின்னாடி நிக்கிறவன் எல்லாம் குருடனா இருக்கானே மாமா. இவனுங்களக் கூட்டிட்டு வந்தா என் பீரங்கி ஆளுங்க பாவம் பாத்து சுடவே மாட்டானுங்க."

அவன் சிரிக்க முயன்றான். முன்வரிசைக் கண்களைப் பார்த்து மச்சினனின் குரல் இறங்கியது. அக்கா எப்போது இதை வரைந்தாள் என்று கேட்டான். முன்பே என்றான் அவன்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடு. கண்ணில்லாத மூஞ்சி ஒண்ணுகூட இந்த வீட்ல இருக்க வேணாம்."

மச்சினன் அவனை உற்றுப் பார்த்தான், பிறகு எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினான். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் கேட்டான்.

"கடைசியா அக்கா உங்ககிட்ட என்னதான் சொன்னா மாமா?"

"நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னா."

எல்லாரிடமும் சொன்ன பதில்தான். மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். பெயின்ட், பலகை, பாலம் எல்லாம் போயின. பிரஷை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை.

அன்று தூங்கினான். அடித்துப் போட்ட மாதிரி. எங்கோ ஆழத்தில், இமைமேல் ஏதோ மெல்லக் குளிர்ந்தது. நெற்றியில் மூச்சு பட்டது. இதமாக இருந்தது. அவன் அசையவில்லை.

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். சவரக் கண்ணாடி முன் நின்று கன்னத்தில் நுரை தடவினான். இடது இமை இழுத்தது. தோல்மேல் ஏதோ காய்ந்த மாதிரி.

அந்தக் கண்ணை மட்டும் மூடி, மற்றதால் இமையைப் பார்த்தான்.

வெள்ளை. ஓரத்தில் கறுப்புப் புள்ளி.

மற்றதை மூடினான். வெள்ளை மட்டும். புள்ளி இல்லை. ஈரம் பளபளத்தது.

வீட்டில் கண்ணில்லாத முகம் எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தான். தூங்கும் முகத்தை அவன் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படித்தான் தோன்றியது. போனை முகத்துக்கு நேரே பிடித்தான். கண்களை மூடினான்.

பெயின்ட் வாசனை.

வலது இமையில் ஊசிமுனை அளவு குளிர்.

பொத்தானை அழுத்தினான். வெகுநேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தான்.

படத்தில் இரண்டு கண்களும் முடிந்திருந்தன. நேர்த்தியாக. இரண்டும் ஓரமாக, அவன் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்தன.

அந்தக் கடைசி நாளில், அறுவை அரங்கின் கதவு மூடும்முன், தள்ளுகட்டிலிலிருந்து தலையை மட்டும் திருப்பி அவள் சொன்னாள்.

"கண்ணு மட்டும் வரையாத. நான் வந்து வரையறேன்."