ஆறே முக்கால் மணிக் கதவு

குளிர் அறையில், ஆக்டோபஸ் பெட்டிகளுக்கு நடுவே விறைத்துக் கிடந்தார் மீன் ஏற்றுமதியாளர் ஹாஜி பூஷ்தா.

பின்மண்டை பிளந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் ஜினெப் மூக்கைப் பொத்தினாள். அகாதிர் துறைமுகத்தில் வளர்ந்தவள்தான். ஆனால் உறைந்த மீன் இப்படியா நாறும்?

அதைவிட நாறினான் லஹ்சன். செத்தவரின் மைத்துனன், தொழில் கூட்டாளி. அந்த ஊர் மரியாதைப்படி அவளை 'லல்லா' என்றான், அம்மா என்பதுபோல.

"உடம்பு பட்டது ரெண்டு பெட்டிதான், லல்லா. மத்ததை இன்னைக்கே கப்பல்ல ஏத்திடலாமா?"

சீ... இவனும் ஒரு மனுஷன்!

வெளியே காவலாளி இத்தர் கையில் விலங்கோடு அழுதுகொண்டிருந்தான். நேற்று மாலை ஆறு மணிக்கு அவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு மசூதிக்குப் போனதாக லஹ்சன் சொல்லியிருந்தான். நோன்பு திறக்க அங்கே நாற்பது பேர் கூட இருந்தார்களாம்.

இத்தரின் கதையை முடித்தது ஒரு விரல் நீள மின்னணுப் போர்டு.

"கதவுல நானே மாட்டினது, லல்லா. வைஃபைல சேர்த்து, சர்வர் முகவரி கொடுத்து, நம்ம ஊர் நேரத்தையும் நானே எழுதி வெச்சேன். கதவு திறந்தா உடனே மணியோட சர்வருக்குப் போயிடும். பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும்தான்."

லஹ்சன் செல்போனைக் காட்டினான். நேற்று மாலை ஒரே ஒரு பதிவு. ஆறே முக்கால்! இத்தர் மட்டும் இருந்த நேரம்.

ஜினெப் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து.

"கதவை ஒரு தடவை திறங்க."

திறந்தான். செல்போனில் புதிய பதிவு விழுந்தது... பன்னிரண்டு பத்து.

லஹ்சன் நாக்கைக் கடித்தான்.

"அட, ரமலானுக்கு நாடே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வெச்சுதே... போர்டுல மாத்த மறந்துட்டேன். செல்போன்லாம் தானா மாறிடுது, இதை யாரு நினைச்சா? மாசம் பூரா ஒரு மணி முந்தியே ஓடியிருக்கு."

"அப்ப நேத்து ஆறே முக்காலுக்குத் திறந்த கதவை அது எத்தனை மணின்னு எழுதியிருக்கும்?"

"ஏழே முக்..."

செல்போனை அவசரமாகப் பைக்குள் திணித்தான்.

"இந்த ஆறே முக்கால் போர்டு எழுதினதுன்னா, கதவு திறந்தது அஞ்சே முக்காலுக்கு. சாவி உங்ககிட்ட இருந்தப்போ. போர்டு எழுதலைன்னா, பாஸ்வேர்டு வெச்சிருக்கவர் கைப்பட எழுதினது. எது வேணும்? நீங்களே எடுத்துக்கங்க."

லஹ்சன் பெட்டி மேல் சரிந்து உட்கார்ந்தான். அழுகிய சரக்கை மறுபடி உறைய வைத்து ஏற்றுமதி செய்ததை ஹாஜி நேற்றுத்தான் மோப்பம் பிடித்திருந்தார். அதற்காக அக்காள் புருஷனையே அடித்துக் கொன்று, சர்வரில் நிஜப் பதிவை மணிகூடப் பார்க்காமல் அழித்துப் பொய்யை எழுதியவன் இவன்.

ஜினெப்புக்குக் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. இத்தரின் விலங்கைக் கழற்றி லஹ்சனுக்குப் பூட்டினாள்.

"ஏத்திடலாமான்னு கேட்டீங்களே? தாராளமா ஏத்திடலாம். ஜீப் வெளியே ரெடியா நிக்குது."