இன்வெர்ட்டருக்கு வைத்த பஞ்சு

இன்வெர்ட்டர் கத்துவதில் ஜெயம்மாளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மழையில் மரம் சாய்ந்து காலையிலேயே கரண்ட் போய்விட்டது. பேட்டரி இறங்கினால் அது கத்தத்தானே செய்யும். ஆனால் கணவர் தனசேகரன் மூச்சை விட்டு முடிக்கும்போதெல்லாம் ‘கீங்’ என்றதுதான் சரியாகப் படவில்லை. அவர் மூச்சை இழுக்கும்போது அது அடங்கியது. விட்டதும் கத்தியது. அவருக்கு இருமல் வந்து மூச்சு தடுமாறினால் அதுவும் தடுமாறியது.

கச்சிராயபாளையத்துக்கு வெளியே, கரும்புக் கொல்லையை ஒட்டிய ஒற்றை வீடு. நுரையீரல் கெட்டுப் படுத்துவிட்ட மனிதரின் மூக்கில் குழாய். குழாயின் மறுமுனையில் உறுமிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் மிஷின். அந்த மிஷினை ஓட்டுவது மூலையில் கிடக்கும் இன்வெர்ட்டர். ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் எப்போதோ நிறுத்திவிட்டாள். தம்பி தமிழ்வேந்தன் கள்ளக்குறிச்சியிலிருந்து சிலிண்டர் ஏற்றிக்கொண்டு வருகிறான். அதுவரை பேட்டரி தாங்க வேண்டும். தாங்காவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

பொழுது சாயும்போது போன் அடித்தது.

“பாலத்து மேல தண்ணி போவுதுக்கா. சுத்திக்கினு வரேன். மிஷின் ஓடுதில்ல?”

“ஓடுதுடா. சீக்கிரம் வா.”

போனை வைத்ததும் தனசேகரன் கண்ணைத் திறக்காமலே முனகினார்.

“ஜெயா... அத்த நிறுத்து.”

“எத்தங்க?”

“கத்துதே, அத்த. கண்ண மூட வுட மாட்டேங்குது.”

அவள் பொத்தானை அமுக்கினாள். அடங்கியது. வந்து உட்கார்வதற்குள் மறுபடி கத்தியது. திரும்பப் போய் அமுக்கினாள். திரும்பக் கத்தியது. அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, சளி துடைத்து, ராவெல்லாம் விழித்திருந்து, அவள் உடம்பு துவைத்துப் போட்ட துணியாகிவிட்டிருந்தது. அழுகை வந்தது, அழத் தெம்பில்லை. பேட்டரி தீர்கிறது என்பதைத்தான் சிவப்பு விளக்கு சொல்கிறதே, பாழாய்ப்போன பெட்டிக்கு வாய் வேறு எதற்கு?

குனிந்து பார்த்தாள். சத்தம் வரும் இடத்தில் அருகருகே இரண்டு சின்ன ஓட்டைகள். மருந்து டப்பாவிலிருந்து பஞ்சைப் பிய்த்து, விரல் நுனியில் உருட்டி, ஓட்டைக்கு ஒன்றாகத் திணித்தாள். பஞ்சை அந்த அளவுக்கு உருட்டுவது கைக்குப் பழக்கமாக இருந்தது. எங்கே பழகியது என்று யோசிக்க அலுப்பாக இருந்தது. போன தை மாதம் அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது என்று மெல்ல நினைவு வந்தது. உடனே அதைத் தள்ளிவிட்டாள்.

சத்தம் நின்றது.

கரும்புத் தோகையில் மழை விழும் ஓசை கேட்டது. பேட்டரியின் புளித்த நெடியும் டெட்டால் வாசனையும் ஈரச் சுவரின் வாடையும் ஒன்றாகக் கலந்து வந்தன. அவர் முகம்கூட அமைதியாகிவிட்டதுபோல் இருந்தது. கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம் என்று சுவரில் முதுகை வைத்தாள்.

விழித்தபோது டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் வந்துவிட்டது! மிஷினும் நிற்காமல் ஓடியது. “மாரியாத்தா” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

மழை விட்டிருந்தது. மிஷின் உறுமல் மட்டும். வேறு சத்தமே இல்லை.

அவர் மூச்சு?

எழுந்து போனாள். மூக்கிலிருந்த குழாயைக் கழற்றிக் கன்னத்தோரம் ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தது. மூக்குத் துவாரம் இரண்டிலும் பஞ்சு. உருட்டி வைத்த பஞ்சு.

“நான் வெக்கலியே... ஏங்க, நான் வெக்கலியே!”

இன்வெர்ட்டரிடம் ஓடினாள். இரண்டு ஓட்டையும் வெறுமையாக இருந்தன. பஞ்சு இல்லை. கையை வைத்தாள். காற்று. வெதுவெதுப்பான காற்று. வந்தது. நின்றது. உள்ளே இழுத்தது. மறுபடி வந்தது. மாத்திரை வாடையோடு. அவர் வாடையோடு.

திரும்பி ஓடி வந்து அவர் மூக்கிலிருந்த பஞ்சைப் பிடுங்கினாள். நெற்றி ஜில்லென்றிருந்தது. நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை.

மூக்கிலிருந்து வந்தது.

கீங்.

கீங்.

வாசலில் வண்டி வந்து நின்றது. சிலிண்டரை இறக்கி வைக்கும் ஓசை. தமிழ்வேந்தன் கதவைத் தட்டினான்.

“அக்கா! கரண்டுதான் வந்துட்சே, இன்னா இன்னும் இன்வெர்ட்டர் கத்திக்கினே இருக்குது? அத்த நிறுத்தேன்.”

ஜெயம்மாளின் விரல்கள் பஞ்சை மறுபடியும் உருட்டத் தொடங்கியிருந்தன.