இருபதுக்கு மேல் வேண்டாம்

தாரிணி அந்தக் குறுக்குச் சாலைக்குள் திரும்பியபோது மணி ஆறரை. லோத்குண்டாவுக்குப் போகும் பெரிய சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் போன் இந்த வழியைக் காட்டியது. ஒரு பக்கம் சுருள் சுருளாக முள்கம்பி வைத்த ராணுவ மதில். மறுபக்கம் மூடாத மழைநீர்க் கால்வாய். முன்னால் போகிறவர் கொஞ்சம் ஒதுங்கினால்தான் பின்னால் வருகிறவர் முந்த முடியும்.

முன்னால் ஒரு பழைய வெளிர்நீல மாருதி போய்க்கொண்டிருந்தது. சைக்கிள்காரன் கூட அதை முந்திவிட்டுப் போனான்.

மெதுவாக ஓட்டுகிறவர்கள் என்றாலே தாரிணிக்கு ஆகாது. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக சிகந்திராபாத்துக்கு வந்து ஆறு வருஷம். தினமும் கச்சிபௌலிக்குப் போய் வர மூன்று மணி நேரத்துக்கு மேல் சாலையிலேயே கழிந்தது. அந்த மூன்று மணி நேரத்தைத் திருடுகிறவர்கள் இவர்கள்தான் என்று அவள் உறுதியாக நம்பினாள். காலிச் சாலையிலும் பிரேக்கில் கால் வைத்தே போகிறவர்கள், பச்சை விளக்கு விழுந்தபிறகு யோசிக்கிறவர்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவாள்.

அன்று ஏழு மணிக்குள் டேகேரிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டாக வேண்டும். சாஹித்யாவுக்கு ஆறு வயது, வீசிங் உள்ள குழந்தை. டேகேர் ஆயா ஏற்கெனவே இரண்டு முறை போன் செய்துவிட்டாள்.

"நகருய்யா. ஒதுங்கித் தொலை."

ஹார்ன் அடித்தாள். மாருதி ஒதுங்கவில்லை. முகப்பு விளக்கை உயர்த்தித் தாழ்த்தினாள். மாருதியின் ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்தது. வயதான கை. உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, 'மெல்ல, மெல்ல' என்று இரண்டு முறை அசைந்தது.

தனக்குப் பாடம் நடத்துகிறார் என்று தாரிணிக்கு ரத்தம் கொதித்தது. வண்டியை ஒரு முழ இடைவெளிக்குக் கொண்டுபோய், ஹார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தூரம்.

கடைசியில் மாருதி சட்டென்று இடது பக்கம் திரும்பியது. முன்சக்கரம் 'டம்' என்று கால்வாய்க்குள் இறங்கியது.

கடந்து போகும்போது ஒரு கணம்தான் பார்த்தாள். நரைத்த தலைக்காரர் ஒருவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பின்பக்கம் திரும்பியிருந்தார். பின் சீட்டில் வெள்ளைத் துணி போர்த்திய ஏதோ ஒன்று நீளமாகக் கிடந்தது.

"இப்ப ஒதுங்கத் தெரியுதல்ல," என்றாள். கண்ணாடியில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டேகேருக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நான்கு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை. நல்ல வெயில். அவள் மட்டும்தான் வண்டியில் இருந்தாள். அடுக்குமாடி வாசலைத் தாண்டி வேகமெடுத்தபோது முள் இருபதைக் கடந்தது.

பின் சீட்டில் யாரோ முனகினார்கள்.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். முனகல் நின்றது. ரேடியோவாக இருக்கும் என்று அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். இருபத்தைந்து. முப்பது.

"நக்கோ... நக்கோ..."

பெண் குரல். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்து. இந்த ஊர்க்காரர்கள் 'வேண்டாம்' என்பதற்குச் சொல்லும் சொல். கூடவே வாடையும் வந்தது. டெட்டால். அதற்கு அடியில், ரத்தம் காய்ந்த பஞ்சின் வாடை.

தாரிணி திரும்பிப் பார்த்தாள்.

பின் சீட்டில் யாரும் இல்லை. சீட்டின் நடுவே மட்டும், ஓர் ஆள் படுத்திருந்தால் அழுந்துமே, அப்படி அழுந்தியிருந்தது.

அன்று கச்சிபௌலி போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் இருபதைத் தாண்டவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹார்னை அலறவிட்டார்கள். பைக்கில் வந்தவன் ஒருவன் வண்டிக் கூரையில் ஓங்கி அறைந்து, "ஏம்மா, நித்ர போதுன்னாவா?" என்று கத்திவிட்டுப் போனான். தூங்குகிறாயா என்று கேட்கிறான். கம்பெனி பஸ் டிரைவர் ஜன்னலைத் திறந்து துப்பினான். அவர்கள் கண்களில் இருந்த வெறுப்பைத் தாரிணிக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷம் அவள் கண்களில் இருந்ததுதான் அது.

சாயங்காலம் கணவன் ரகுநாதனை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் எண்பதில் போனான். பின்னாலிருந்து வந்த ஓலத்தில் அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"கேக்குதுங்களா?"

"என்ன கேக்குது? ஏசி சத்தந்தான்." அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "நீ நாலு நாள் லீவு போடு தாரிணி. ஒடம்பு ரொம்ப அசந்து போயிருக்குது."

லீவு போட்ட முதல் நாளே அந்தக் குறுக்குச் சாலைக்கு நடந்து போனாள். ராணுவ மதில் முடிகிற இடத்தில் வரிசையாக ஓட்டு வீடுகள். மூன்றாவது வீட்டு வாசலில் அந்த வெளிர்நீல மாருதி நின்றது. முன்பக்கத்தின் இடது மூலை நசுங்கியிருந்தது. கேட்டில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

எலிசபெத் தேவசகாயம். வயது அறுபத்து மூன்று. மறைந்த தேதி, அந்த வியாழக்கிழமை.

படத்தில் அந்த அம்மாள் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தாரிணி அந்தத் தேதியை மறுபடி படித்தாள். ஆனாலும் கேட்டைத் திறந்தாள்.

தேவசகாயம் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ் என்று தெரிந்ததும் உட்காரச் சொன்னார். துக்கம் விசாரிக்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டு அவராகவே பேசினார்.

"வயித்துல பெரிய ஆபரேஷன்மா. அன்னிக்குத்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க. டாக்டர் சொன்னாரு, வண்டி குலுங்கக் கூடாது, இருபதுக்கு மேல வேண்டாம்னு. ஆம்புலன்ஸ் சொல்றேன்னேன். நக்கோன்னுட்டா. அவங்க வேகமாப் போவாங்க, நீங்களே ஓட்டுங்க, உங்களுது மெதுவான கைன்னா."

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"பின்னால ஒரு வண்டி. விடாம ஹார்ன். கை பதறிடுச்சு. வீல் இறங்குச்சு பாரு, தையல் மொத்தமும் பிரிஞ்சிடுச்சு."

தாரிணி பொய் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் பின் சீட்டில் கேட்ட குரல் அவளை விடவில்லை.

"அந்த வண்டி என்னோடதுங்க," என்றாள். "எம் மேலதாந் தப்பு. மன்னிச்சிருங்க."

அவர் அடிப்பார் என்று நினைத்தாள். போலீசைக் கூப்பிடுவார் என்று நினைத்தாள். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"என்கிட்ட எதுக்கு கேக்குறே?" என்றார் மெல்ல. "கால்வாயில கெடந்தப்ப அவ என்னைப் பாக்கவே இல்ல. நாப்பது வருஷம் கூட வாழ்ந்தவன் நான். கூப்பிடுறேன், திரும்பல. கண்ணாடி வழியா உன் வண்டியவேதான் பாத்துக்கிட்டு இருந்தா. கண்ணு நிலைகுத்துற வரைக்கும்."

எழுந்து வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்தும்போது சொன்னார்.

"அவகிட்டயே கேளு. உன் கூடத்தானே வந்தா."

அன்று மாலை தாரிணி வண்டியின் பின்கதவைத் திறந்து, காலிச் சீட்டின் முன்னால் குனிந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். பார்க்கிங்கில் நடமாடியவர்கள் பார்த்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை. மூன்று முறை கேட்டாள்.

சீட்டில் அழுந்தியிருந்த பள்ளத்தின் மீது ஒரு குட்டி அசைவு. படுத்திருப்பவர்கள் வலியில் மறுபக்கம் திரும்பிக்கொள்வார்களே, அதுபோல.

சனிக்கிழமை ரகுநாதன் வேலை விஷயமாகச் சென்னை போயிருந்தான். மதியம் மூன்று மணிக்கு சாஹித்யா கழுத்தைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"மம்மி... ஊபிரி ஆடட்லேது..."

பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்த தெலுங்கில்தான் அவளுக்கு மூச்சு முட்டியது. இன்ஹேலர் இரண்டு முறை அடித்தும் பயனில்லை. ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். மருத்துவமனை நாலரை கிலோமீட்டர். வாசலில் ஒரு ஆட்டோகூட இல்லை.

வேறு வழியில்லை. குழந்தையை முன் சீட்டில் உட்கார்த்திப் பெல்ட்டை மாட்டினாள். பின் சீட்டில் கிடத்த அவளுக்குத் துணிவில்லை.

இருபது.

முனகல் தொடங்கியது.

"என் கொழந்தைக்காகங்க," என்றாள் தாரிணி. "இந்த ஒரு தடவ மட்டும். உங்க காலுல விழுகறேன்."

முப்பது. நாற்பது.

"நக்கோ! நக்கோம்மா! மெல்ல..."

குழந்தையின் மூச்சு விசிலடித்தது. ஐம்பது. பின்னாலிருந்து வந்த அலறலில் கண்ணாடிகள் அதிர்ந்தன. தாரிணியும் கூடவே அலறினாள். முன்னால் ஒரு கார் ஊர்ந்துகொண்டிருந்தது. ஹார்னை அழுத்தினாள். அது ஒதுங்கியது. அறுபது.

மருத்துவமனைத் திருப்பத்தில் வேகத்தடை இருப்பது அவளுக்குத் தெரியும். பிரேக்கை அழுத்தினால் அரை நிமிடம் போகும்.

அழுத்தவில்லை.

வண்டி எழும்பி விழுந்தது. பின் சீட்டில் நனைந்த துணி கிழிவதுபோல ஒரு சத்தம்.

பிறகு, ஒன்றுமே இல்லை.

அவசரப் பிரிவு வாசலில் நின்று, "யாராச்சும் வாங்க!" என்று தமிழிலேயே கத்தினாள். ஆக்னஸ் என்ற நர்ஸ் ஓடிவந்து நேராகப் பின்கதவைத் திறந்தாள். திறந்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"மேடம்... இவ்ளோ ரத்தம்... பேஷண்ட் எங்க?"

"முன்னால! முன்னாலங்க!"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெபுலைசர் வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் சாஹித்யாவின் உதட்டில் நிறம் திரும்பியது. "இன்னும் அஞ்சு நிமிஷம் லேட்டாகியிருந்தா கஷ்டம்," என்றார் டாக்டர். தாரிணி சுவரில் சாய்ந்து ஓசையில்லாமல் அழுதாள். வேகமாக வந்ததற்காக அவள் வருத்தப்படவில்லை. அந்தச் சத்தம் மட்டும் காதுக்குள்ளேயே இருந்தது.

வெளியே வந்து பார்த்தபோது பின் சீட்டு காய்ந்து, சுத்தமாக இருந்தது. பள்ளமும் இல்லை. வாடையும் இல்லை.

ஆக்னஸ் கதவருகே நின்றிருந்தாள். "நான் பாத்தேன் மேடம்," என்றாள் கிசுகிசுப்பாக. "சீட்லேருந்து கீழ சொட்டுச்சு." கழற்றிய கையுறைகளைக் காட்டினாள். விரல் நுனிகள் சிவந்திருந்தன.

அதற்குப் பிறகு அந்த வண்டியில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் ரகுநாதன் ஊரிலிருந்து வந்ததும் அதை விற்கச் சொன்னாள். உப்பலிலிருந்து ஒருவர் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, நல்ல வண்டி என்று எடுத்துக்கொண்டு போனார்.

தாரிணி அலுவலக கேப் வண்டியில் போக ஆரம்பித்தாள். டிரைவர் சலீம் பழைய சிகந்திராபாத் ஆள். தமிழும் உருதுவும் கலந்து பேசுவான். ஒரு வாரம் நிம்மதியாகப் போனது. இரவில் தூங்கினாள். சாப்பாடு இறங்கியது. தீர்ந்தது என்று நம்பத் தொடங்கினாள்.

இரண்டாவது திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி மீட்டிங். ஏற்கெனவே நேரமாகிவிட்டது. அவள் பின் சீட்டில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். சாலை காலியாகத்தான் இருந்தது. சலீமோ ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தான். அவளுக்குள் பழைய எரிச்சல் மெல்லத் தலை தூக்கியது. இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள்.

அடிவயிற்றில் இடமிருந்து வலமாக ஒரு வலி பிடித்து இழுத்தது.

"மெல்ல போ பாபு," என்றது அவள் வாய். அறுபது வயதுக் குரல். "நக்கோ... தையல் இழுக்குது."

கோயம்புத்தூர்க்காரி ஒருநாளும் அப்படிப் பேசமாட்டாள்.

"ஹவ் அம்மா, சரி," என்று சலீம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான்.

தாரிணி வயிற்றின் மேல் கை வைத்தாள். குர்த்தா வெதுவெதுப்பாக நனைந்திருந்தது.