கலக்க எண்

காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்ப்பவர்களைப் போல, வெள்ளூற்றுக் காட்டின் தொண்டர்கள் வாசலில் இருக்கும் பலகையைத்தான் முதலில் பார்ப்பார்கள். வணக்கம், டீ, வெயிலைப் பற்றிய புலம்பல் எல்லாம் அதற்குப் பிறகுதான். நேற்று யார் உள்ளே போனார்கள், அவர்களால் காடு எவ்வளவு கலங்கியது என்று ஆளுக்கொரு எண் அதில் ஓடும். எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

ஜெசிந்தாவின் எண் பதினைந்து. அதற்குக் கீழே ஹாருன், ஏழு.

"மெஷின்ல ஏதோ கோளாறு," என்றாள்.

"ஒரு மாசமாவா?" டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார் கோமதிநாயகம். தொண்டர்களின் காவல் கூட்டத்துக்கு அவர்தான் செயலாளர். "மூணு வருஷத்துக்கு முன்னால உனக்குப் பதினொண்ணு காட்டுச்சே, அன்னைக்கு மெஷின் நல்லாத்தானே இருந்துச்சு?"

அவள் குனிந்து, உள்ளே போகிறவர்கள் கட்டாயம் போடும் காற்பட்டையைக் கணுக்காலில் மாட்டினாள். இறுக்கி மாட்டியதில் தோல் கிள்ளியது.

வெள்ளூற்றுக் காடு என்றால் பெரிய மரங்களும் யானையும் இல்லை. ஆயிரத்து நூறு ஏக்கர் புதரும் புல்லும். உடைமரம், ஆவாரை, கள்ளி, நடுவில் மூன்று குட்டைகள். பட்டா இல்லாத பொது நிலம். இப்படிப்பட்ட நிலங்களைக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் பொதுநிலச் சட்டம் வந்தது. அதற்கு முன்பு, நிலத்தோடு தங்களுக்கு உறவு உண்டு என்று நிரூபிக்கக் கம்பெனிகள் லாரி லாரியாக ஆள் இறக்கிப் போட்டோ எடுத்தன. அதனால் சட்டம் எழுதியவர்கள் மனிதர்களிடம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். நிலத்தைக் கேட்டார்கள்.

காடு முழுக்கச் செவிக்கம்பங்கள் நட்டார்கள். பறவைகளின் எச்சரிக்கைக் குரல், முயல் ஓடும் அதிர்வு, பூச்சிச் சத்தம் சட்டென்று நிற்பது எல்லாவற்றையும் அவை கேட்கும். அந்த நேரத்தில் எந்தக் காற்பட்டை பக்கத்தில் இருந்ததோ அதன் கணக்கில் கலக்கத்தைச் சேர்க்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அளவை வாரம். அந்த ஏழு நாளும் சாட்சி நடையர் ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். அவருடைய சராசரி பன்னிரண்டுக்குள் இருந்தால் அந்த நிலத்துக்கு மனித உறவு உண்டு. அது பொது நிலமாகவே இருக்கும். தாண்டினால் 'உறவற்ற நிலம்' என்று அறிவித்து ஏலம். வெள்ளூற்றுக்கு வடக்கே மின்கலப் பூங்கா ஒன்று வேலிவரை வந்து காத்துக்கொண்டிருந்தது.

போன தடவை சாட்சி நடையர் ஜெசிந்தாதான். பதினொன்றில் காப்பாற்றிக் கொடுத்தாள். பதினொரு வருடமாக அந்தக் காட்டில் உழைக்கிறவள். சீமைக்கருவேலக் கன்றுகளை வேரோடு கெல்லியெடுத்தது, குட்டைகளைத் தூர்வாரியது, மண் அள்ள வந்த வண்டிக்கு முன்னால் படுத்தது எல்லாம் அவள்தான். ஹாருன் வந்து ஏழு மாதம் ஆகிறது. துறைமுகக் கிடங்கில் பார்த்த வேலையை விட்டுவிட்டுச் சும்மா இருந்தவன். முப்பது வயது. கடப்பாரையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. கன்று பிடுங்கச் சொன்னால் ஆவாரையைப் பிடுங்கி வைப்பான். அதனால் கோமதிநாயகம் அவனைச் சும்மா நடந்து வேலியைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அவன் நடந்தான். எண் இறங்கியது.

"இந்தத் தடவை ஹாருனே நடக்கட்டும்," என்றார் கோமதிநாயகம்.

"அவனுக்குக் குட்டை எத்தனைன்னு தெரியுமா அண்ணாச்சி?"

"குட்டையை எண்ணத் தெரியணும்னு சட்டத்துல இல்லையே, ஜெசி."

ஹாருன் பாவம்போல் முகத்தை வைத்துக்கொண்டான். அவளுக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "அக்கா நடக்கட்டும் அண்ணாச்சி, அவங்களுக்குத்தான் காடு பழக்கம்," என்றான்.

"நீ ஒண்ணும் எனக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம்," என்றாள்.

அளவை வாரத்தின் முதல் நான்கு நாளும் அவனுக்கு எட்டு, ஒன்பது என்றே வந்தது. ஜெசிந்தா தினமும் வாசல்வரை வந்து பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஏமாற்றுகிறான் என்று முடிவே கட்டிவிட்டாள். சட்டைப்பையில் கம்பு போட்டுக்கொண்டு போய்ப் பறவைக்கு இறைக்கிறானோ? ஒரே இடத்தில் படுத்துத் தூங்குகிறானோ? பதினொரு வருடம் வேர்வை சிந்தியவளைப் பார்த்துக் கத்துகிற குருவிகள், நேற்று வந்தவனைப் பார்த்து எதற்கு வாயை மூடுகின்றன? மனிதர்கள் நன்றி கெட்டவர்கள் என்பது அவளுக்குத் தெரியும். குருவிகளுமா?

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு, தெற்கு வேலியின் ஓட்டை வழியே உள்ளே போனாள்.

காற்பட்டையைக் கழற்றி வேலிக்கம்பத்தில் தொங்கவிட்டிருந்தாள். குட்டைச் சேற்றில் இறங்கும்போது தொண்டர்கள் எல்லோரும் செய்வதுதான் அது. பட்டை சேற்றில் சிக்கிக்கொள்ளும் என்று கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, "இப்ப நான் இங்க இல்ல" என்று சிரித்துக்கொள்வார்கள். வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி அது வேடிக்கையாக இல்லாமல் உண்மையாகவே ஆகிவிட்டிருந்தது. பட்டை இல்லாவிட்டால் தான் அங்கே இல்லை என்றே ஜெசிந்தாவும் அன்று நம்பினாள். பறவைகளுக்குப் பட்டையைப் பற்றித் தெரியாது என்பது அவள் புத்தியில் ஏறவில்லை.

இரண்டாம் குட்டைக்குப் பக்கத்தில் ஹாருனைப் பிடித்தாள். முப்பதடி பின்னால், கள்ளிக்கு மறைவாக நின்று பார்த்தாள். அவன் கையில் எதுவும் இல்லை. நடந்தான். நின்றான். ஒரு கல்லில் உட்கார்ந்தான். நாலடி தள்ளி ஒரு முயல் புல்லைக் கொறித்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. எதையோ யோசித்துக்கொண்டு முழங்காலைச் சொறிந்தான். அவ்வளவுதான். அவனுக்கு அந்த இடத்தில் எந்த வேலையும் இல்லை, அந்த இடத்துக்கு அவனிடமும் எந்த வேலையும் இல்லை.

ஏமாற்று எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு நெஞ்சு காந்தியது. அவன் திருடனாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திரும்பிப் போயிருப்பாள்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க ஓரடி எடுத்து வைத்தாள். முயல் அவள் இருந்த பக்கம் காதைத் திருப்பிவிட்டுப் பாய்ந்தது. ஆள்காட்டிக் குருவி கீச்சிட்டு எழும்பியது. அதைக் கேட்டுத் தவிட்டுக்குருவிக் கூட்டமும், கவுதாரிகளும். கடப்பாரையோடு வருகிறவளை அவற்றுக்கு நன்றாகவே தெரியும். ஹாருன் பதறி எழுந்து நாலாபக்கமும் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். அவள் குனிந்தபடி வேலியை நோக்கி ஓடினாள். ஓட ஓடக் காடு முழுக்கக் கத்தியது.

மறுநாள் பலகையில் ஐந்தாம் நாளுக்கு எதிரே முப்பத்தெட்டு என்றிருந்தது.

எட்டாம் நாள் காலை பொதுநில மன்றத்தின் அதிகாரி வந்து வாசலில் பந்தல் நிழலில் உட்கார்ந்தார். ஐம்பது வயதுக்காரி. கையடக்கத் திரையைப் பார்த்துச் சராசரி பதிமூன்று புள்ளி ஒன்று என்று வாசித்தார். குரலில் எதுவும் இல்லை. அவருக்கு அந்த மாதத்தில் இது நாலாவது நிலம்.

"அஞ்சாம் நாள் என்ன நடந்தது?" என்று ஹாருனைக் கேட்டார்.

"தெரியலைங்க மேடம். நான் ஏதோ தப்பா அசைஞ்சிருக்கணும். எம்மேலதான் தப்பு." கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினான். "என்னை மன்னிச்சிருங்க அண்ணாச்சி. அக்காவே நடந்திருக்கணும்."

இந்தச் சொல்லைக் கேட்கத்தான் ஜெசிந்தா ஒரு மாதமாகக் காத்திருந்தாள். கேட்டும்விட்டாள். ஒரு நொடி நன்றாகத்தான் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. பிறகு வடக்கு வேலிக்கு அப்பால் நின்ற மண்வாரி இயந்திரங்களைப் பார்த்தாள்.

"எதுவும் ஆட்சேபம் இருக்கா? இல்லைன்னா 'உறவற்ற நிலம்'னு பதிஞ்சிடுறேன்," என்றார் அதிகாரி.

கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அஞ்சாம் நாள் நான் உள்ள இருந்தேன்," என்றாள் ஜெசிந்தா. "பட்டை போடல."

அதிகாரி நிமிர்ந்தார். "எதுக்குப் போனீங்க?"

"இவன் எப்படி நடக்கான்னு பாக்க."

"பாத்து?"

"பாக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

"வேலிக் கேமரால இருக்கும், சரி பாத்துக்கிறேன். அந்த ஒரு நாளைக் கழிச்சுடலாம். ஆனா அளவை வாரத்துல அத்துமீறினா என்ன தண்டனைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ஆயுசுக்கும். இந்த நிலம் மட்டுமில்ல, எந்தப் பொது நிலத்துக்குள்ளயும்."

"தெரியும்னு சொன்னேன்ல?"

கேமராவில் இருந்தது. குனிந்துகொண்டு ஓடும் நாற்பத்தாறு வயதுப் பெண். எல்லோரும் பார்த்தார்கள். கோமதிநாயகம் மட்டும் பார்க்காமல் வெளியே போய் நின்றார். அந்த நாளைக் கழித்ததும் சராசரி ஒன்பது. வெள்ளூற்று இன்னும் மூன்று வருடத்துக்குப் பொது நிலம்.

அவள் காற்பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ஹாருன் பின்னாலேயே ஓடி வந்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்து முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள்.

"அக்கா, மூணாம் குட்டைக் கரை கசியுது. எப்படி அடைக்கணும்?"

"நீ அடைக்காதே. கடப்பாரை எடுத்து நாலு நாள் கொத்தினா உனக்கும் எண் ஏறும். நீ எதையும் தொடாம இருந்ததுனாலதான் குருவி உன்னைக் கண்டுக்கல. பெரிய மகான்னு நினைச்சுக்காதே."

"நினைக்கலக்கா. ஆனா யாராவது அடைக்கணும்ல? அண்ணாச்சிக்கு முட்டி மடங்காது. மத்தவங்க ஞாயித்துக்கிழமைதான் வாராங்க. கோடையில முயலுக்கு அந்தத் தண்ணிதானே?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சொன்னாள். களிமண்ணைக் கிழக்குக் கரையிலிருந்துதான் எடுக்க வேண்டும், மேற்கே எடுத்தால் மணல் கலந்து வரும். ஒரு சாண் உயரத்துக்கு ஒருமுறை நிறுத்திக் காலால் மிதிக்க வேண்டும். ஓரத்தில் இருக்கும் கோரையைப் பிடுங்கக்கூடாது. அந்தக் கோரையை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டாள். பஸ் வந்தது. அவன் கடப்பாரையைக் கேட்டான். அது அவள் சொந்தக் கடப்பாரை. கொடுக்காமல் அதையும் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

அதற்குப் பிறகும் காலையில் எழுந்ததும் கைபேசியில் பலகையைத் திறந்து பார்ப்பது நிற்கவில்லை. பலகை ஊருக்கே பொது, பார்க்க யாரும் தடைபோட முடியாது. முதல் வாரம் ஹாருனுக்கு ஏழு. அடுத்த வாரம் பத்து. ஒரு மாதம் கழித்துப் பதினாலு.

டீ ஆறுவதுகூடத் தெரியாமல் அதையே பார்த்தாள். முதலில் குப்பென்று ஒரு சந்தோஷம் வந்தது. விழுந்தான். இனி அவனும் சாட்சி நடக்க முடியாது, மூன்று வருடத்துக்குள் கோமதிநாயகம் புதிதாக ஒரு சும்மா ஆளைத் தேட வேண்டும். பிறகுதான் அந்தப் பதினாலு எப்படி வந்திருக்கும் என்று யோசித்தாள். கரை அடைபட்டிருக்கும். அவன் எங்கிருந்தோ ஒரு கடப்பாரை வாங்கியிருப்பான். கையில் கொப்புளம் கட்டி உடைந்திருக்கும். இப்போது அவன் குட்டைப் பக்கம் வந்தாலே ஆள்காட்டி எழும்பிக் கத்தும், தவிட்டுக்குருவிகள் சேர்ந்துகொள்ளும், முயல் பாயும். முன்பு அவளைத் தெரிந்ததுபோல், கடப்பாரையோடு வருகிறவன் யார் என்று இப்போது காட்டுக்குத் தெரிந்துவிட்டது.

அவனுடைய ஏழு என்ற எண்ணைப் பார்த்து எரிந்ததைவிட, அந்தப் பதினாலைப் பார்த்து அவளுக்கு அதிகமாக எரிந்தது.